பழைய போர்ஷே பாக்ஸ்டர்: விலை குறைவு, செலவு எங்கே? – வாசகர் கேள்வி பதில்

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் மிகுதியானவை போர்ஷே நிறுவனத்தின் முதல் தலைமுறை பாக்ஸ்டரையும், அதே எம்96 எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 996 வகை 911 காரையும் பற்றியவை. பாக்ஸ்டர் 1996-இலும் 996 அதற்கடுத்த ஆண்டிலும் அறிமுகமாகி, 2000-களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்டன. இந்த இதழில் அவ்விரண்டு கார்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2001-ஆம் ஆண்டின் 2.7 லிட்டர் பாக்ஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. பெயின்ட், சீட், மடக்குக் கூரை எல்லாம் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் சாதாரணக் குடும்பக் காரின் விலைதான் கேட்கிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்றால் உள்ளே ஏதோ பழுது இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அப்படி இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாக்ஸ்டர் அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட கார், வயதும் ஆகிவிட்டது, அதன் எஞ்சினைப் பற்றிய அச்சம் வாங்குவோரிடையே பரவியிருப்பதால் விலை மேலும் இறங்கியிருக்கிறது. நல்ல முறையில் பராமரிக்கப்பட்ட பாக்ஸ்டர்களும் இந்த அச்சத்தின் காரணமாகவே மலிவாகக் கிடைக்கின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பழைய காரின் விலை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்தாலும், அதன் உதிரிபாகங்களின் விலை கூடவே இறங்குவதில்லை. கார் புதிதாக விற்றபோது எந்தத் தரத்தில் விலை வைக்கப்பட்டதோ, அந்தத் தரத்திலேயேதான் அதன் பம்ப், சென்சார், ரேடியேட்டர் அனைத்துக்கும் விலை இருக்கும். இதனுடன் கூலியும் சேர்கிறது. பாக்ஸ்டரின் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலும் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. திறந்து பார்க்க வழக்கமான பேனட் கிடையாது. மேல்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, கார்ப்பெட்டை எடுத்து, மூடியைக் கழற்ற வேண்டும். பெல்ட்டைத் தொட வேண்டுமானால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தகட்டை நீக்க வேண்டும். மற்ற எல்லா வேலைகளுக்கும் காரை லிப்டில் ஏற்றிக் கீழிருந்துதான் கை வைக்க முடியும். ஆகவே ஒரு பாகம் என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், அதை அடைய எவற்றையெல்லாம் கழற்ற வேண்டும், எத்தனை மணி நேர வேலை என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். இந்தக் காரின் பில்லைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியின் விடைதான்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால், முதல் பெரிய வேலை வந்தவுடன் கார் நின்றுவிடும். வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கெனத் தனியே வைக்க முடிகிறவர்கள் மட்டுமே இதை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ‘ஐஎம்எஸ் பேரிங்’ என்ற பெயரைச் சொல்லியே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது என்ன? உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானதா? எந்த ஆண்டுக் கார்களில் இருக்கிறது?

பதில்: இந்த எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாப்ட், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட்டுகளை நேரடியாகச் சுழற்றுவதில்லை. கிராங்க்கிலிருந்து ஒரு செயின், அடியில் உள்ள இடைத்தண்டு ஒன்றைச் சுழற்றுகிறது. அந்த இடைத்தண்டிலிருந்து இருபுறத்துக் கேம் ஷாப்ட்டுகளுக்கும் தனித்தனிச் செயின்கள் செல்கின்றன. இந்த இடைத்தண்டையே (இன்டர்மீடியட் ஷாப்ட்) ஐஎம்எஸ் என்று சுருக்கி அழைக்கிறார்கள். அதன் ஒரு முனை ஆயிலில் இயங்கும் சாதாரண புஷ்ஷில் அமர்ந்திருக்கிறது; ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் உள்ள கியர்பாக்ஸ் பக்கத்து முனையோ, உள்ளே கிரீஸ் நிரப்பி இருபுறமும் மூடப்பட்ட பால் பேரிங்கில் அமர்ந்திருக்கிறது. கோளாறு தொடங்குவது இந்தப் பேரிங்கில்தான். நாளடைவில் எஞ்சின் ஆயில் மெல்ல உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆனால் மூடியிருக்கும் சீல், புதிய ஆயில் தாராளமாக உள்ளே சென்றுவரவும் இடம் தருவதில்லை. கிரீஸும் இல்லாமல், நல்ல ஆயிலும் கிடைக்காமல் குண்டுகள் தேயத் தொடங்குகின்றன. பேரிங் முற்றிலும் உடைந்தால் இடைத்தண்டு ஆட்டம் கண்டு, செயின் பல் தாண்டி, வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலும் எஞ்சின் முழுவதையுமே மாற்ற நேரிடும். அந்தச் செலவு காரின் இன்றைய சந்தை விலையையே தாண்டிவிடக்கூடும்.

இனி ஆண்டுகளைப் பார்ப்போம். தொடக்க காலக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. அது ஓரளவு உறுதியானது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஒற்றை வரிசைப் பேரிங்குக்கு மாற்றினார்கள். மிகுதியாகப் பழுதானது இதுவே. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான கார்களின் உரிமையாளர்கள் சார்பில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு ஒன்று 2013-இல் சமரசத்தில் முடிந்தது. ஒற்றை வரிசைப் பேரிங்குக்குப் பின்வந்த எஞ்சின்களில் பெரிய பேரிங் பொருத்தப்பட்டது. அது வலுவானது என்றாலும் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க இயலாது. 2009 மாடலில் அறிமுகமான புதிய எஞ்சினில் இந்த இடைத்தண்டே இல்லை. இரட்டை வரிசையிலிருந்து ஒற்றை வரிசைக்கு மாறிய காலத்துக் கார்களில் எந்தப் பேரிங் உள்ளது என்பதைத் திறந்து பார்த்தே உறுதி செய்ய முடியும். எஞ்சின் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் காரின் ஆண்டைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

பெரும்பாலான கார்களில் இந்தப் பேரிங் உடையாமலேயே ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், உடைந்தால் ஏற்படும் இழப்பு மிகப் பெரியது. முன்கூட்டியே மாற்றும் செலவோ எஞ்சின் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். அதனால் மாற்றியதற்கான பில் இல்லாத ஒற்றை வரிசைக் காரில் மாற்றிவிடுவதே நல்லது என்பேன். செராமிக் குண்டுகள் கொண்ட பேரிங், அழுத்தத்துடன் ஆயில் செலுத்தப்படும் புஷ் வகை என இரு வழிகள் இருக்கின்றன. முதலாவது குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மீண்டும் மாற்ற வேண்டியது. இரண்டாவதற்குத் தொடக்கச் செலவு கூடுதல்.

மாற்றுவதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது அவசியம். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான துகள்கள் அதில் இருந்தால் பழைய பேரிங் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அத்துகள்கள் ஆயிலோடு எஞ்சின் முழுவதும் பரவியிருக்கும் என்பதால் அந்த நிலையில் புதுப் பேரிங் போடுவது பணத்தை வீணாக்குவதாகும். கறுப்பு, பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடைத்தால் அவை பெரும்பாலும் செயின் அழுத்திகளின் தேய்மானம். அதையும் தனியே விசாரிக்க வேண்டும். பேரிங்கை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றும் முன்பு கேம் ஷாப்ட்டுகளைப் பூட்டி, செயின் அழுத்திகளைத் தளர்த்த வேண்டும் என்பதை அறியாத மெக்கானிக்கிடம் இந்த வேலையை ஒப்படைக்கவே கூடாது. கிராங்க்கும் கேமும் ஒத்துச் சுழலும் டைமிங் ஒருமுறை நழுவினால், தவிர்க்க நினைத்த அதே சேதம் ஒர்க்‌ஷாப்பிலேயே நேர்ந்துவிடும்.

கேள்வி: என் பாக்ஸ்டரில் கிளட்ச் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஐஎம்எஸ் பேரிங் மாற்றக் கொடுத்தால், கிளட்ச், பின் சீல், இன்னும் சில பாகங்கள் என்று மெக்கானிக் பெரிய பட்டியலே எழுதித் தருகிறார். பில்லை ஏற்றுகிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்கள் சந்தேகம் இயல்பானது, ஆனாலும் இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. பேரிங்கை எட்ட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்றியாக வேண்டும். பில்லின் பெரும்பகுதி இந்தக் கூலிக்கே போகிறது. கிளட்ச் பாதி தேய்ந்த நிலையில் அப்படியே திரும்ப மாட்டினால், ஓரிரு ஆண்டுகளில் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்; மாறாக இப்போதே மாற்றினால் பாகத்தின் விலையோடு முடிந்துவிடும். கிராங்க் ஷாப்ட்டின் பின் சீல் மிகவும் விலை குறைந்த பொருள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரிவதற்கு அதுவே வழக்கமான காரணம். லேசான ஈரத்துக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்; வேறொரு காரணத்துக்காக இறக்கும்போது மாற்றாமல் விடவும் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஒரே இடம் ஃப்ளைவீல். இது இரண்டு அடுக்காக, இடையில் ஸ்பிரிங் வைத்துச் செய்யப்பட்ட வகை, விலை அதிகம். அடுக்குகளுக்கிடையே உள்ள ஆட்டத்தை அளந்து, அளவு எல்லைக்குள் இருந்தால் பழையதையே பயன்படுத்தலாம். அளக்காமலேயே மாற்ற வேண்டும் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். டிப்ட்ரானிக் எனப்படும் ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கிளட்ச் செலவு இல்லை. ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் கனமானது என்பதால் இறக்கி ஏற்றும் வேலை சற்றுக் கூடும்.

கேள்வி: சில நாட்கள் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகை வருகிறது. எஞ்சின் போய்விட்டதா?

பதில்: எவ்வளவு புகை, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருப்பதால், கார் நிற்கும்போது சிறிதளவு ஆயில் உள்ளே தேங்கி, ஸ்டார்ட் செய்தவுடன் எரிந்து சில நொடிகளில் அடங்கும். அது இயல்பு. காரின் பின்புறமே மறையும் அளவுக்கு வெண்புகை கிளம்பி நிற்காமல் வந்தால், ஆயில் ஆவியையும் காற்றையும் பிரிக்கும் ஏஓஎஸ் என்ற பாகத்தின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியை வலுவாக உள்ளிழுத்துப் பிடிப்பதுபோல் உறிஞ்சினால் சந்தேகம் வலுப்படும். அழுத்தமானியை வைத்து அளந்தால் தெளிவாகிவிடும்.

இது பழுதான நிலையில் காரை ஓட்டாதீர்கள். உறிஞ்சப்படும் ஆயில் மிகுதியாகிச் சிலிண்டருக்குள் தேங்கினால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும் வாய்ப்புண்டு. பாகம் நடுத்தர விலைதான். பாக்ஸ்டரில் அது கியர்பாக்ஸுக்கு மேலே கை நுழையாத இடத்தில் இருப்பதால்தான் கூலி கூடுகிறது. முந்தைய கேள்வியில் மெக்கானிக் கொடுத்த பட்டியலில் இதுவும் இருந்தால் வியப்படைய வேண்டாம்; கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது இதை மாற்றுவது எளிது.

கேள்வி: பின் டிக்கியைத் திறந்தால் இனிப்பான ஒரு வாடை வருகிறது. கூலன்ட்டும் அடிக்கடி குறைகிறது. வெளியே எங்கும் சொட்டவில்லை.

பதில்: உங்கள் காரில் கூலன்ட் டேங்க் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். பாக்ஸ்டரின் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் பின் டிக்கியின் உட்சுவரில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்த பிளாஸ்டிக் மயிரிழை போன்ற வெடிப்பு விடுவது இந்தக் காரில் மிகப் பொதுவான கோளாறு. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்; அடியில் ஈரமோ வெண்ணிறப் படிவோ இருக்கும். ஒட்டுப் போட்டு ஓட்டலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். டேங்கோடு மூடியையும் சேர்த்து மாற்றுங்கள்.

கூலன்ட்டைத் திறக்கும் அதே நேரத்தில் வாட்டர் பம்பையும் பார்த்துவிடுவது நல்லது. அதன் உள்ளே சுழலும் இறக்கைச் சக்கரம் பிளாஸ்டிக்கால் ஆனது. பம்பின் பேரிங் ஆட்டம் கண்டால் இறக்கைகள் துண்டு துண்டாக உடைந்து, எஞ்சினின் நீர்ப் பாதைகளுக்குள் சென்று அடைத்துக்கொள்கின்றன. பிறகு எந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதை மீட்டரில் காண முடியாது. உலோக இறக்கை போட்டால் தீர்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். பேரிங் தேய்ந்து ஆடினால் அந்த உலோகம் எஞ்சின் உடலையே உரசிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிளாஸ்டிக் இறக்கை கொண்ட பம்பையே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, பழுதாகும் முன்பே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இருபுறக் காற்றுத் துளைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தத் துளைகளுக்குள் சருகும் குப்பையும் சேர்ந்து, மழையில் நனைந்து, ஏசி கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் சிறு செலவு, அவற்றை மாற்றும் பெருஞ்செலவைத் தள்ளிப்போடும். புதிய கூலன்ட் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடாதபடி வெற்றிடக் கருவியால் நிரப்பச் சொல்லுங்கள். எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலுமாக நீண்ட குழாய்கள் உள்ள காரில் காற்று தங்குவது எளிது.

கேள்வி: 996 கரேரா (டர்போ அல்லாத சாதாரண 911) ஒன்றைப் பார்த்தேன். சூடான பிறகு ஒரு பக்கத்தில் ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்கிறது. ஒரு பக்கத்துச் சைலன்ஸர் வாயில் மட்டும் கரி அதிகமாக இருக்கிறது. விற்பவர் ‘டேப்பட் சத்தம்தான்’ என்கிறார்.

பதில்: வால்வுகளைத் தள்ளும் பாகமான டேப்பட்டின் சத்தமாகவும் அது இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்லும் இரு அறிகுறிகளும் சேர்ந்து வருவது சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருப்பதற்கான வலுவான அடையாளம். 3.4, 3.6 லிட்டர் எஞ்சின்களில் இது பாக்ஸ்டரின் சிறிய எஞ்சின்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆயில் செலவு கூடுவதும், கரி படிந்த பக்கத்து ஸ்பார்க் பிளக் ஒன்று ஆயிலில் நனைந்திருப்பதும் அதன் அடுத்த தடயங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் காம்ப்ரஷன் சோதனையில் நல்ல எண்கள் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். கீறல் உள்ள சிலிண்டரும் அதில் தேறிவிடக்கூடும். பிளக் துளை வழியாகவோ, ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தோ சிறு கேமராவை விட்டுச் சுவரை நேரடியாகப் பார்ப்பதுதான் வழி. கீறல் உறுதியானால் எஞ்சினை முழுவதும் பிரித்துச் சிலிண்டர்களுக்குப் புதிய உறை போட வேண்டும். இந்தக் கார்களுக்கு வரக்கூடிய செலவுகளிலேயே அது மிகப் பெரியது. கேமரா பரிசோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 996 டர்போவிலும் ஐஎம்எஸ் கோளாறு உண்டா?

பதில்: இல்லை. 996-இன் கூடுதல் திறன் வகைகளான டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் வேறு எஞ்சின். அதில் கூலன்ட் குழாய்கள் பசையால் ஒட்டப்பட்ட இணைப்புகளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பசை விட்டுப்போனால் கூலன்ட் ஒரேயடியாகக் கொட்டிவிடும். அவை வெல்டிங் மூலமோ, ‘பின்’ எனப்படும் உலோக ஆணி மூலமோ உறுதி செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த வேலைக்கு எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை, பிறகு அலாரம் தானாக அடித்தது. இப்போது காரே ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: இருக்கையின் அடியில் உள்ள கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள்; நனைந்திருக்கும். அலாரத்தையும், சரியான சாவி இல்லாமல் கார் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் இம்மொபிலைசரையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி அங்கேதான், தரை மட்டத்தில் இருக்கிறது. மடக்குக் கூரையின் இருபுறமும் மழைநீர் வடியும் துளைகள் உள்ளன. அவற்றில் குப்பை அடைத்துக்கொண்டால் நீர் காருக்குள் இறங்குகிறது. துளைகளைச் சுத்தம் செய்யக் காசே செலவில்லை. பெட்டி கெட்டுவிட்டால் அதை மாற்றுவதோடு சாவிகளைப் புதிதாகப் பதிவு செய்யவும் வேண்டியிருக்கும். 2003-க்கு முந்தைய பாக்ஸ்டர்களில் பின் ஜன்னல் பிளாஸ்டிக் தாளால் ஆனது என்பதால், அது மங்கியோ மடிப்பில் வெடித்தோ இருக்கிறதா என்பதையும் இத்துடன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிகக் குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார் என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: குறைந்த கிலோமீட்டர் என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இந்த எஞ்சினுக்கு எட்டு லிட்டருக்கும் மேல் ஆயில் தேவைப்படுகிறது. அந்த ஆயில் மாற்றப்படாமல் ஈரத்தையும் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தால், ஓடாத கார் ஓடிய காரைவிட மோசமான நிலையில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஆயில் மாற்றியதற்கான பில்கள் வரிசையாக உள்ள, அதிகம் ஓடிய காரையே நான் தேர்ந்தெடுப்பேன். டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பூ தேயாத டயராக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்திருந்தால் நான்கையும் மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் காட்டும் தூரம் உண்மையா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. இந்தக் காருக்கேற்ற ஸ்கேனரை இணைத்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் தான் இயங்கிய மொத்த மணி நேரத்தைக் காட்டும். கிலோமீட்டரை அதனால் வகுத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள். நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால் மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம். அதே திரையில் எஞ்சின் எல்லை மீறிச் சுழன்ற பதிவுகளும் இரண்டு படிகளாகத் தெரியும். முதல் படி ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தாலே பதிவாகக்கூடியது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இரண்டாம் படியோ, வேகமாகச் செல்லும்போது தவறான கீழ் கியருக்கு மாற்றினால் மட்டுமே பதிவாகும். அது எந்த மணி நேரத்தில் நிகழ்ந்தது என்பதும் அங்கே இருக்கும். நிகழ்ந்த பிறகு கார் பல நூறு மணி நேரம் சிக்கலின்றி ஓடியிருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. அண்மையில் நிகழ்ந்திருந்தால், வால்வுகளின் நிலையை அறிய, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் லீக் டவுன் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.